முதியோர் இல்லம் இல்லாத சமுதாயமா நாம்?



நம் மேடைகளிலும் திருமண மண்டபங்களிலும் ஒரு பெருமைப் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். முதியோர் இல்லம் என்பது பிறர் வீட்டு நோய் என்றும், பெற்றோரைக் கொண்டுபோய்த் தள்ளும் வழக்கம் நம் சமுதாயத்தில் இல்லை என்றும், இஸ்லாம் நம்மை அப்படி வளர்க்கவில்லை என்றும் பேச்சாளர் சொல்வார். கூட்டம் மகிழ்ந்து தலையசைக்கும். நாமும் பல ஆண்டுகள் அப்படித் தலையசைத்தவர்களே. ஆனால் அந்தப் பேச்சு இன்றைக்கும் உண்மைதானா என்று எவரும் எழுந்து கேட்பதில்லை. இங்கே கேட்கிறோம்.

பழவேற்காட்டுக்கு வாருங்கள். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் தென்கோடியில் அமைந்த ஊர் இது. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது இங்குதான். அவர்கள் வருவதற்கு முன்பே முஸ்லிம் வணிகர்கள் இத்துறையில் வாழ்ந்தனர். இவ்வூர்த் துணி கடல் கடந்து தென்கிழக்காசியத் துறைமுகங்களில் விற்ற காலம் ஒன்று உண்டு. பழைய பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரத்தைக் காண இன்றும் வெளியூரார் வருகின்றனர்.

அவர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். நீங்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு சற்று நேரம் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயதைக் கடந்த தாய் ஒருவர் சாயம் தோய்த்த பனையோலையைக் கண்ணருகே பிடித்துக் கூடை பின்னிக்கொண்டிருப்பார். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் பெயர் பெற்ற கைத்தொழில் அது. ஆனால் கண்ணில் புரை விழுந்த வயதிலும் அவர் பின்னுவது கலைக்காக அன்று. மாத்திரை வாங்கும் காசுக்காகவே பின்னுகிறார். அடுத்த வீட்டில் ஒரு முதியவர் தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருப்பார். அதற்கடுத்த வீடு பூட்டியிருக்கும். அதன் சாவி எதிர்வீட்டு மூதாட்டியின் முந்தானையில் இருக்கும். பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் மண்ணடி, திருவொற்றியூர், துபாய், குவைத் என்று ஊர்ப் பெயர்கள் வரும். ஏரிக்கரைக் குப்பங்களிலும் நிலைமை வேறன்று. படகேற உடம்பு இடம் கொடுக்காத பெரியவர்கள் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பட்டணத்துக் கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கின்றனர்.

இந்தத் தெருக்களுக்கு என்ன பெயர் வைப்பது? முதியோர் மட்டும் கூடி வாழும் இடத்துக்கு உலகம் ஒரு பெயர் வைத்திருக்கிறது. அந்த இடங்களிலாவது நேரத்துக்குச் சோறு போட ஒருவரும், இரவில் விழுந்தால் தூக்க ஒருவரும் இருப்பர். நம் தெருவில் அந்த இருவரும் இல்லை. பெற்றோரை நாம் முதியோர் இல்லத்துக்கு அனுப்பவில்லை என்பது உண்மையே. நாம் ஊரைவிட்டுப் போய்விட்டு, அவர்கள் இருந்த ஊரையே முதியோர் இல்லமாக்கிவிட்டோம்.

வெளியூர் போனது குற்றமன்று

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுகிறோம். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன பிள்ளையை நாம் பழிக்கவில்லை. ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடிப் போவது வணக்கத்தின் ஒரு பகுதி.

ஏரி முன்போல் சோறு போடுவதில்லை என்பதும் உண்மை. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணல் மேடிட்டுத் தூர்ந்துபோகிறது. கடல்நீர் தாராளமாக உள்ளே வந்தால்தான் இறாலும் நண்டும் மடவையும் ஏரியில் பெருகும். தெற்கே எண்ணூரில் 2001இல் துறைமுகம் திறந்தது. பின்னர் காட்டுப்பள்ளியில் இன்னொன்று வந்தது. அனல்மின் நிலையங்கள் எழுந்தன. மீன் குறைந்ததற்கும் கரை அரிப்புக்கும் இவையே காரணம் என்று மீனவ மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். மீன்பாடு குறைந்தால் மீனவனுக்கு மட்டுமா நட்டம்? மீன், இறால் வியாபாரத்தையும் அதைச் சார்ந்த கடைகளையும் நம்பியிருந்த நம் குடும்பங்களின் வருமானமும் கூடவே வற்றியது. இந்நிலையில் இளைஞன் வெளியேறாமல் என்ன செய்வான்?

ஆகவே போனதைப் பற்றி நாம் பேசவில்லை. போகும்போது தன் தாய் தந்தைக்கு என்ன ஏற்பாடு செய்துவிட்டுப் போனான் என்பதே நம் கேள்வி. வீட்டுக்கு வண்ணம் பூச ஆள் வைத்தவன், பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தானா?

இது ஓர் ஊரின் பிரச்சினையும் அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அறுபது வயதைக் கடந்தோர் இந்திய அளவில் 8.6 விழுக்காடாகவும் தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடாகவும் இருந்தனர். 2031இல் தமிழ்நாட்டில் இது 18.2 விழுக்காடாகும் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை மதிப்பிடுகிறது. நம்மிடம் பிள்ளைகள் அதிகம், யாராவது ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற பழைய நம்பிக்கைக்கும் இடமில்லை. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, இந்திய முஸ்லிம் பெண்ணொருவர் பெறும் குழந்தைகளின் சராசரி 1992-93இல் 4.4 ஆக இருந்தது. 2019-21இல் அது 2.4 ஆகக் குறைந்துவிட்டது. நம் பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஏழு பேர் இருந்தனர். நம் தாயைப் பார்த்துக்கொள்ள மூவர் இருக்கிறோம். நம்மைப் பார்த்துக்கொள்ள ஒருவரோ இருவரோதான் இருப்பர். அவர்களும் எந்த நாட்டில் இருப்பர் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

அல்லாஹ் குறித்துக் காட்டிய இடம்

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்களை அறியாதவர் நம்மில் இல்லை. தன்னைத் தவிர வேறெவரையும் வணங்கக் கூடாது என்று விதித்த கையோடு, பெற்றோருக்கு நன்மை செய்யுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். அவர்களை நோக்கிச் 'சீ' என்ற சொல்லும் வரலாகாது என்கிறான். பயான்களில் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அதே வசனத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமை அடைவதைப் பற்றிச் சொல்லும்போது 'இந்தக' என்ற சொல்லை இறைவன் சேர்த்திருக்கிறான். 'உம்மிடத்தில்' என்பது அதன் பொருள். முதுமையை அடைந்த பெற்றோர் இருக்க வேண்டிய இடத்தை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. வங்கிக் கணக்கின் மறுமுனையில் இருப்பவரை 'உம்மிடத்தில்' இருப்பவர் என்று எந்த மொழியிலாவது சொல்ல முடியுமா?

முதுமை எப்படிப்பட்டது என்பதையும் குர்ஆன் மறைக்கவில்லை. பலவீனத்தில் தொடங்கிய மனிதனுக்கு வலிமையைத் தந்து, பின்னர் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருவதாக ரூம் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் கூறுகிறது. அறிந்தவற்றையெல்லாம் மறந்துவிடும் தள்ளாத பருவத்துக்குச் சிலர் திருப்பப்படுவதாக நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனம் கூறுகிறது. அந்தப் பருவத்திலிருந்து நபி (ஸல்) அவர்களே அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

'சீ' என்ற சொல் நாவின் நுனிக்கு வருவது அந்தப் பருவத்தில்தான். சாப்பிட்ட பத்தாவது நிமிடம், "எனக்கு யாரும் சோறு தரவில்லை" என்று தாய் தெருவில் நின்று சொல்லும்போது வருகிறது. இரவில் மூன்றாம் முறையாகப் படுக்கை நனையும்போது வருகிறது. காது கேளாத தந்தையிடம் ஒரே பதிலை நான்கு முறை கத்திச் சொல்லும்போது வருகிறது. வலுவோடு நடமாடும் பெற்றோரிடம் பணிவாக இருப்பது எளிது. அந்தச் சொல்லை விழுங்க வேண்டிய நேரம் வரும்போது நாம் வீட்டிலேயே இல்லை என்றால், வசனத்துக்குக் கட்டுப்பட்டோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? நாம் விழுங்காத சொல்லைச் சம்பளத்துக்கு வந்த வேலைக்காரப் பெண்ணோ, இரக்கப்பட்ட அண்டை வீட்டாரோ நமக்காக விழுங்கிக்கொண்டிருக்கின்றனர்.

நாம் சொல்லும் நான்கு சாக்குகள்

முதல் சாக்கு, "மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறோம்" என்பது. அனுப்புவது கடமை, அனுப்பாதவனைவிட அனுப்புபவன் மேலானவன். ஆனால் பணம் கடையில் பொருளாகும். அது தானே எழுந்து போய் மருந்தை எடுத்துக் கொடுக்காது. அறப்போருக்குப் போக அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், அவருடைய பெற்றோர் உயிரோடு இருக்கின்றனரா என்று விசாரித்து, அவர்களுக்கு உழைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள் (புகாரி). ஜிஹாதுக்குப் போனவரையே திருப்பி அனுப்பிய மார்க்கத்தில், ஆண்டுக்கு ஒருமுறை வரும் விடுமுறையை மனைவி வீட்டு விருந்துகளிலும் கடைத்தெருவிலும் கழித்துவிட்டு, புறப்படும் நாளில் தாயின் கையில் ஓர் உறையைக் கொடுப்பதற்குப் பெயர் என்ன? தினமும் கைப்பேசியில் முகம் காட்டுவது நல்லதுதான். ஆனால் அந்தத் திரையில் தாயின் வீங்கிய பாதம் தெரிவதில்லை. அவர் நடக்கும்போது சுவரைப் பிடிப்பதும் தெரிவதில்லை.

இரண்டாம் சாக்கு, "முறை வைத்துப் பார்க்கிறோம்" என்பது. இதைச் சொல்லும்போது பழவேற்காட்டு ஏரியின் 'பாடு' முறை நினைவுக்கு வருகிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மீனவ ஊர்களில், ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் சுத்து வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வர். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது, எல்லார் வீட்டிலும் உலை எரிய வேண்டும் என்ற நியாயத்தில் பிறந்த ஏற்பாடு அது. நாமோ அதே முறைவைப்பைத் தாயின் மீது நடத்துகிறோம். ஒரு மாதம் மூத்தவன் வீடு. ஒரு மாதம் இளையவன் வீடு. ஏரியில் கிடைப்பதைப் பங்கிட முறை வைக்கின்றனர். வீட்டில் நாம் சுமையைப் பங்கிட முறை வைக்கிறோம். முப்பத்தொரு நாள் மாதம் தன் பங்கில் விழுந்துவிட்டதே என்று கணக்குப் பார்த்த வீட்டையும் நாம் அறிவோம். ஒரு பையில் இரண்டு சேலையும் மருந்துச் சீட்டும் தஸ்பீஹும் வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் நிற்கும் தாய்க்கு எத்தனை வீடு இருந்தென்ன? தன் வீடு என்று ஒன்றும் இல்லை. யமன் நாட்டவர் ஒருவர் தம் தாயை முதுகில் சுமந்து கஅபாவைச் சுற்றி வந்துவிட்டு, தாயின் கடனைத் தீர்த்துவிட்டேனா என்று கேட்டபோது, பிரசவ வேதனையின் ஒரு பெருமூச்சுக்குக்கூட அது ஈடாகாது என்ற பொருளில் இப்னு உமர் (ரலி) பதிலளித்தார்கள். முதுகில் சுமந்தவருக்கே அந்தப் பதில் என்றால், நாட்காட்டியில் கோடு போடுபவருக்கு என்ன பதில் கிடைக்கும்?

மூன்றாம் சாக்கு, "என் மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒத்துவரவில்லை" என்பது. இங்கே நம் ஆண்களிடம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. கணவனின் பெற்றோருக்குப் பணிவிடை செய்வதை மனைவி மீது ஷரீஅத் கடமையாக்கவில்லை என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. அவள் செய்தால் அது அவளுடைய பெருந்தன்மை. அதற்கு அல்லாஹ்விடம் அவளுக்குக் கூலி உண்டு. கடமை மகனுடையது, மகளுடையது. தன் தாயின் காலைத் தான் ஒருநாளும் பிடித்துவிடாத மகன், மனைவி பிடித்துவிடவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவது எந்த நீதி? அந்த மனைவிக்கும் எங்கோ ஒரு தாய் இருக்கிறாள், அவளும் தனியாகத்தான் இருக்கிறாள் என்பது நினைவில் இருக்கட்டும். ஊற்றிக் கொடுப்பதும், துடைப்பதும், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வதும் பெண்களின் வேலை என்று ஒதுக்கிவிட்ட ஆண், சொர்க்கத்தின் ஒரு வாசலைத் தன் கையாலேயே மூடிக்கொள்கிறான்.

நான்காவதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொத்தைப் பற்றியது அது. குடும்பத் தலைவர் இறந்தால், பிள்ளைகள் இருக்கும் நிலையில் அவருடைய மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. உயிரோடு இருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒரு பங்கு. நிஸா அத்தியாயம் வகுத்த இந்தக் கணக்கில் ஐயத்துக்கு இடமில்லை. அத்தா மவுத்தானதும் வீடும் கடையும் படகும் வலையும் பிள்ளைகளின் பெயருக்கு மாறுகின்றன. "அம்மாவுக்கு எதற்குப் பங்கு? நாங்கள்தான் இருக்கிறோமே" என்று அன்பொழுகப் பேசி, அவருடைய எட்டில் ஒரு பங்கை எழுதி வாங்கிவிடுகிறோம். கடன், வஸிய்யத்து போக வரும் அந்தப் பங்கு அல்லாஹ் அவருக்குக் கொடுத்தது. நாம் தயவு பண்ணிக் கொடுப்பதன்று. அது கையில் இருந்திருந்தால், அந்தத் தாய் இன்று எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. வட்டியை ஹராம் என்று ஒதுக்கி வாழ்பவர்கள், தாயின் பங்கை உண்ணும்போது மட்டும் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்பது எப்படி?

ஜமாஅத்தின் முன் சில கேள்விகள்

தனிமனிதரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. ஊருக்கு ஜமாஅத் என்ற ஓர் அமைப்பு எதற்காக இருக்கிறது?

நம் மஹல்லாக்களில் திருமணப் பதிவேடு இருக்கிறது. மையவாடிக் கணக்கு இருக்கிறது. சந்தா பாக்கி வைத்தவர் பட்டியல் மிகத் துல்லியமாக இருக்கிறது. தனியாக வாழும் முதியோர் எத்தனை பேர் என்ற பட்டியல் எத்தனை ஜமாஅத்துகளில் இருக்கிறது? பள்ளிவாசலுக்குப் பளிங்குக் கல் பதிக்கவும் மினாராவை உயர்த்தவும் வெளிநாட்டுச் சகோதரர்களிடம் வசூல் செய்கிறோம். அந்தப் பளிங்கில் நீர் பட்டால் வழுக்கும். ஹவ்ளுக்கருகே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்க எவருக்கும் தோன்றுவதில்லை. நாற்காலியில் அமர்ந்து தொழுவது பற்றி முகம் சுளிக்கிறோம். பின்னால் பலவீனரும் முதியவரும் நிற்பதால் தொழுகையைச் சுருக்குமாறு இமாம்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை மறந்துவிடுகிறோம். மக்கா வெற்றியின் நாளில் அபூபக்ர் (ரலி) அவர்கள் பார்வை இழந்த தம் வயோதிகத் தந்தையை அழைத்து வந்தபோது, பெரியவரை ஏன் சிரமப்படுத்தினீர், நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். வெற்றி பெற்ற தலைவர் ஒரு முதியவரின் வீடு தேடிப் போக ஆயத்தமாக இருந்தார். நம் நிர்வாகிகளில் கடந்த ஓராண்டில் எத்தனை பேர் படுக்கையில் கிடக்கும் முதியவரின் வீட்டு வாசலை மிதித்தோம்?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்த ஒன்றை இமாம் அபூயூஸுஃப் தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார்கள். பார்வை மங்கிய யூத முதியவர் ஒருவர் வாசலில் யாசித்து நின்றதைக் கலீஃபா கண்டார்கள். அவர் கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். பிறகு பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பி, இவரையும் இவரைப் போன்றோரையும் கவனிக்குமாறு ஆணையிட்டார்கள். ஒருவருடைய இளமையின் உழைப்பை உண்டுவிட்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியன்று என்பதே அந்த ஆணையின் கருத்து.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறுகிறோம். முதியோரைப் பேணுவது குடும்பத்தோடு முடிந்துவிடுவதன்று. பொதுநிதிக்கும் அதில் கடமை உண்டு. அந்தக் கடமை நம் சமுதாயத்தோடும் நின்றுவிடுவதன்று. பழவேற்காட்டில் நம் தந்தையர் பிடிக்காத மீனை விற்றுப் பிழைத்தனர். பிடித்துத் தந்தவர் அண்டைக் குப்பத்து மீனவர். இளமையில் அவர் உழைப்பில் நம் வீட்டு உலை கொதித்தது. இன்று அவர் தள்ளாடும்போது, அவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் இல்லை என்று சொல்ல உமர் (ரலி) அவர்களின் வழியில் இடமில்லை.

செலவைப் பற்றியும் ஒரு சொல். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நாம் நுழையவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கின்றனர். உயிரோடு இருந்தபோது தாய்க்குக் கண்புரை அறுவைக்கு அழைத்துப்போக நேரமில்லாத பிள்ளைகள், அவர் மறைந்த நாற்பதாம் நாளில் முந்நூறு பேருக்கு பிரியாணி ஆக்குகின்றனர். இதில் எந்தப் பக்கத்து ஆலிமுக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறோம்.

இல்லம் அவமானமா?

"அப்படியானால் முதியோர் இல்லம் கட்டச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கோபப்படுவர். பிள்ளை உள்ளவர் பிள்ளையோடு இருக்க வேண்டும் என்பதே நம் நிலை. அதில் மாற்றம் இல்லை. ஆனால் பிள்ளை இல்லாதவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், மணமாகாமலே முதுமை அடைந்த பெண், தலாக் பெற்றுத் தாய்வீடு வந்து, தாயும் மறைந்தபின் எவரும் இல்லாமல் போனவர் ஆகியோர் எங்கே போவர்? அவர்களுக்கு ஒரு கூரையும் ஒரு தட்டுச் சோறும் ஏற்பாடு செய்வது ஊர் மீதுள்ள கடமை. இல்லம் வைத்திருக்கும் சமுதாயத்தைக் கேலி செய்துவிட்டு, நம் மூதாட்டியைப் பேருந்து நிலையத்தில் கையேந்த விட்டிருப்பதுதான் அவமானம்.

இல்லம் என்று தனிக் கட்டடமும் வேண்டாம். ஜமாஅத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டைத் திறந்து, பகலில் முதியோர் கூடி அமரவும், மதியம் ஒரு வேளை உண்ணவும், ஓதவும் வழி செய்யலாம். அதே பனையோலைத் தொழிலை, மாத்திரைக் காசுக்காகத் தனியே அமர்ந்து பின்னாமல், இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக அந்தத் தாய் அமரலாம். ஏரியின் நீரோட்டத்தையும் வாடைக்காற்றின் குணத்தையும் அறிந்த பெரியவர்களிடம் நம் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது.

உரிமையைக் கேட்டுப் பெறுவோம்

அரசு தருவதைப் பெற்றுத் தருவதும் ஜமாஅத்தின் வேலையே. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023இல் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதி இருந்தும், விண்ணப்பத்தை நிரப்ப ஆளில்லாமல் அதை இழந்தவர்கள் நம் தெருக்களில் உள்ளனர். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த நோய்களுக்கு மருந்து வீட்டுக்கே வருகிறது. படித்த இளைஞர் இருவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தால் இந்தப் படிவங்கள் எல்லாம் நிரம்பிவிடும்.

சட்டமும் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும் சட்டம் அது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் வருவாய்க் கோட்ட அளவிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். தாமே போக முடியாதவர் சார்பில், அவர் அதிகாரம் அளித்த வேறொருவரோ ஓர் அமைப்போ மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க உத்தரவிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. கவனித்துக்கொள்வதாக நிபந்தனையிட்டுச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க 23ஆம் பிரிவு வழி செய்கிறது. உதவிக்கு 14567 என்ற எண்ணில் அழைக்கலாம்.

"பெற்ற பிள்ளை மீது மனுவா? குடும்ப மானம் என்னாவது?" என்று கேட்போர் உண்டு. மானம் பசியோடு படுத்த தாயின் வயிற்றில் போய்விட்டது, மனுவில் போகவில்லை. ஆயினும் தீர்ப்பாயம் கடைசிப் படியாக இருக்கட்டும். அதற்கு முன், பெற்றோரைக் கைவிட்ட மகனை ஜமாஅத் அழைத்து விசாரிக்கட்டும். சந்தா கட்டாதவனைக் கேள்வி கேட்கும் துணிவு, தாய்க்குச் சோறு போடாதவனிடமும் வர வேண்டும். அவன் வெளிநாட்டிலிருந்து பெருந்தொகை நன்கொடை அனுப்புபவனாக இருந்தாலும் வர வேண்டும். அந்த நன்கொடையை, முதலில் தாய்க்குக் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும் ஒரு நிர்வாகம் எங்காவது எழுந்தால், அந்த ஒரு செயல் நூறு பயான்களுக்குச் சமமாகும்.

குகையில் அடைபட்ட மூவரின் ஹதீஸை நாம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அவர்களில் ஒருவர் பால் நிறைந்த பாத்திரத்தோடு, உறங்கிவிட்ட வயோதிகப் பெற்றோரின் தலைமாட்டில் விடியும்வரை நின்றவர். அந்த நற்செயலை முன்வைத்து அவர் கேட்ட துஆவுக்குப் பாறை நகர்ந்தது. அவர் அனுப்பிய பணத்துக்கு நகரவில்லை. நின்ற இரவுக்கு நகர்ந்தது. நம் ஒவ்வொருவருக்கும் ஒரு குகை வரும். அன்று அல்லாஹ்விடம் எடுத்துச் சொல்ல அப்படி ஓர் இரவாவது நம்மிடம் இருக்கிறதா?

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஊருக்குப் பேசுங்கள். "பணம் வந்ததா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இரவில் பக்கத்தில் யார் படுக்கின்றனர் என்று கேளுங்கள். கண் தெரிகிறதா, கடைசியாக எப்போது மருத்துவரிடம் போனீர்கள் என்று கேளுங்கள். வரும் பதில் உங்களை உறங்கவிடாமல் செய்தால், அடுத்த பயணச்சீட்டை அதற்காக எடுங்கள். ஊரிலேயே இருப்பவர்கள், இன்று மஃரிபுக்குப் பிறகு தனியாக வாழும் ஒரு முதியவரின் கதவைத் தட்டி ஸலாம் சொல்லுங்கள்.

சிறு வயதில் நம்மை வளர்த்த பெற்றோர் மீது அருள் புரியுமாறு கேட்கும் துஆவை அல்லாஹ்வே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறான். அந்த துஆவை நாவால் ஓதுவதோடு கையாலும் செய்யும் மக்களாக நம்மை அவன் ஆக்குவானாக. நம் பெற்றோரின் முதுமையை நமக்குச் சொர்க்கத்தின் வாசலாக்குவானாக. நம் முதுமையை எவருக்கும் சுமையாக்காமல் காப்பானாக. ஆமீன்.